பாகவதரின் வீடும் பாட்டின் பாத்தியதையும்

பிரபல பாடகர் ஒருவர் எத்தனை வேலி நிலம் வாங்கினார், எந்த ஊரில் மாளிகை கட்டினார், அவர் கண்மூடிய பின்னர் அந்த ஆஸ்தி எவர் கைக்குப் போயிற்று என்றெல்லாம் விசாரிப்பது, சங்கீதத்தை விட்டுவிட்டுச் சம்பாத்தியத்தை ஆராய்கிற கீழான காரியம் என்று நம்மில் பலர் கருதுவதுண்டு. அந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. ஒரு சமூகம் தன் கலைஞர்களின் உழைப்பை எவ்வாறு மதித்தது, அந்த மதிப்பை எந்த உருவத்தில் அவர்களிடம் ஒப்படைத்தது, ஒப்படைத்ததை எவ்வளவு காலம் அவர்களிடமும் அவர்களுடைய சந்ததியிடமும் தங்கவிட்டது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுகிறவனுக்கு, ரசிகர்களின் கரகோஷத்தைக் காட்டிலும் நம்பத்தகுந்த சாட்சியமாக நிற்பவை அந்தக் கலைஞர்களின் வீடும் மனையும் நிலமுமே.

இந்த விசாரணையில் திருச்சிராப்பள்ளிக்கு முதலிடம் உண்டு. தமிழ்த் திரையின் முதல் பெரும் நட்சத்திரம் என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க எம். கே. தியாகராஜ பாகவதர், 1910இல் மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பம் ஒன்றில் கிருஷ்ணமூர்த்தி ஆசாரியின் மகனாகப் பிறந்தபோதிலும், அவர் வளர்ந்ததும் மேடையேறியதும் புகழின் உச்சியில் மாளிகை போன்ற வீட்டில் வாழ்ந்ததும் இந்த நகரத்திலேதான். 1934இல் வெளிவந்த ‘பவளக்கொடி’ தொடங்கி 1944 தீபாவளிக்கு வெளியான ‘ஹரிதாஸ்’ ஈறாகப் பத்து ஆண்டுகளில் 9 படங்களில் நடித்து, அவற்றுள் ‘சிந்தாமணி’, ‘அம்பிகாபதி’, ‘திருநீலகண்டர்’, ‘அசோக்குமார்’, ‘சிவகவி’ ஆகியவற்றின் பாடல்களால் தமிழ் வழங்கும் இடமெல்லாம் தம் குரலை ஒலிக்கச் செய்த அவர், 1959 நவம்பர் 1ஆம் தேதி சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் உயிர்நீத்தபோது வயது 50ஐ எட்டவில்லை. அவர் மறைந்து ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின், 2021இல், வறுமையுற்றிருந்த அவருடைய வழித்தோன்றல் குடும்பம் ஒன்றுக்குத் தமிழக அரசு 5 லட்சம் ரூபாயும் குடியிருக்க ஒரு வீடும் வழங்க வேண்டியதாயிற்று.

திருச்சி மாளிகையிலிருந்து அரசு ஒதுக்கிய குடியிருப்புவரை நீளும் இந்தச் சரித்திரத்தை நம் ஜனங்கள் நெடுங்காலமாக ஒரு நீதிக்கதையாகவே சொல்லிவருகிறார்கள். தங்கத் தட்டில் உணவருந்தியவர், வைரக் கடுக்கனும் ஜவ்வாது மணமுமாக உலவியவர், விதிவசத்தால் சிறை புகுந்து அனைத்தையும் இழந்தார் என்றும், செல்வம் நிலையாது என்பதற்கு அவர் வாழ்வே திருஷ்டாந்தம் என்றும் அக்கதை முடிகிறது. அது நெஞ்சை உருக்குவது மெய்தான். ஆயினும் காரணத்தைக் கண்டறிய அது உதவுவதில்லை. ஊதாரித்தனமும் விதியும் எல்லாத் தொழில்களிலும் உண்டு. அவற்றுக்கு அப்பால், பாகவதர் காலத்துப் பாடகர் எவருக்கும் தம் பாட்டின்மீது சட்டப்படி எந்தப் பாத்தியதையும் இருக்கவில்லை என்பதும், அந்தப் பாத்தியதை இல்லாத குறையை ஈடுசெய்யவே அவர்கள் மண்ணையும் கல்லையும் நம்பினார்கள் என்பதும், அந்த நம்பிக்கை ஏன் பொய்த்தது என்பதுமே இக்கட்டுரையில் நிறுவ முயலும் விஷயங்கள்.

ஊழியத்துக்கு உரிய நிலம்

காவிரிப் படுகையில் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் நிலம் கொடுக்கும் வழக்கம் ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது. முதலாம் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் பொறித்துவைத்த சாசனம், பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியேற்றப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களையும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு எவருக்கு என்ற விவரத்தையும், ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல் விளைவுள்ள ஒரு பங்கு என்ற கணக்கையும் இன்றைய பதிவுத்துறை ஆவணங்களுக்குச் சற்றும் குறையாத நுணுக்கத்தோடு பதிவுசெய்கிறது. பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரைவிட்டு அகன்றாலோ, அவருக்கு அணுக்கமான உறவினர் அப்பங்கைப் பெற்று ஊழியம் செய்ய வேண்டும். அவர் அதற்குத் தகுதியற்றவராயின், தகுதியுள்ள வேறொருவரை அமர்த்த வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே உண்டு.

அந்த நிபந்தனையில் பழைய ஏற்பாட்டின் முழு இலக்கணமும் அடங்கியிருக்கிறது. நிலம் கலைக்கு உரியது. கலைஞர் அதை அனுபவிப்பவர். ஊழியம் நடக்கும் வரை விளைவு வரும்; ஊழியம் நின்றால் பங்கு வேறு கைக்கு மாறும். விற்கவும் முடியாது, அடகுவைக்கவும் முடியாது. திருவரங்கத்தில் நாதமுனிகள் காலத்திலிருந்து வருவதாக வைணவ சம்பிரதாயம் கூறும் அரையர் சேவை இந்த முறையின் உயிருள்ள எச்சம். மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து நாட்களில் கூம்பு வடிவக் குல்லாயும் கைத்தாளமுமாக நின்று திவ்வியப் பிரபந்தத்தைப் பாடி அபிநயிக்கும் அரையர்களின் உரிமை, குடிவழியாகவும் கோயில் மரியாதையாகவும் தொடர்ந்துவந்திருக்கிறதேயன்றி, சந்தையில் விலைபேசப்படும் ஆஸ்தியாக ஒருநாளும் இருந்ததில்லை.

இந்த ஏற்பாட்டைப் பொற்காலம் என்று போற்றிவிடலாகாது. கோயில் மானியத்தோடு பிணைக்கப்பட்ட பெண்களுக்கு அந்த நிலம் ஒருபுறம் சோறும் மறுபுறம் தளையுமாக இருந்தது. நிலத்தை விட்டாலன்றி ஊழியத்தை விட முடியாது. முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் இடைவிடாத முயற்சியால் 1929இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறிய சட்டம், தேவதாசியரின் இனாம் நிலங்களை ஊழியக் கட்டிலிருந்து விடுவித்து அவர்களுக்கே சொந்தமாக்க வழிசெய்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தையே ஒழித்தது. கலைஞருக்கு நிலத்தின்மேல் ஊழியம் சாராத உரிமை வேண்டும் என்ற எண்ணம் சட்டமாக உருவெடுத்த அந்த ஆண்டுகளும், திரைப்பாடகர்கள் ரொக்கப் பணத்தில் வீடும் நிலமும் வாங்கத் தலைப்பட்ட ஆண்டுகளும் ஏறக்குறைய ஒன்றே என்பதைச் சரித்திர மாணாக்கர் கவனிக்க வேண்டும்.

மேடை தந்த நகரம்

அக்காலத் திருச்சி, அப்படிப்பட்ட புதிய கலைஞரை உருவாக்குவதற்கு ஏற்ற நகரமாக இருந்தது. கோட்டை மதில் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டு, அந்த இடத்தில் கிழக்கு, மேற்குப் புலிவார்டு ரோடுகள் அமைந்தபின், மன்னர்களின் நகரம் உத்தியோகஸ்தர்களின் நகரமாயிற்று. தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகமும் பொன்மலைப் பணிமனையும், கல்லூரிகளும், வழக்குமன்றங்களும் மாதச் சம்பளம் வாங்கும் பெரும் ஜனக்கூட்டத்தை இங்கே திரட்டின. டிக்கெட் வாங்கி நாடகம் பார்க்கிறவர்கள் அந்தக் கூட்டத்திலிருந்தே வந்தார்கள். ரயில்வே அதிகாரியாயிருந்த எப். ஜி. நடேச ஐயர் ஸ்தாபித்த ரசிக ரஞ்சன சபாவில்தான் சிறுவன் தியாகராஜன் ஹரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசனாக முதன்முதலில் ஜனங்களின் மனத்தைக் கவர்ந்தான். 1939இல் திருச்சியில் வானொலி நிலையமும் தொடங்கிற்று. கோயிலும் அரண்மனையும் இல்லாமலே ஒரு பாடகன் பெருவாழ்வு வாழக்கூடிய சாத்தியத்தை இந்த மூன்றும், அதாவது சபாவும் ரயிலும் ஒலிபரப்பும், சேர்ந்து உண்டாக்கின.

புதிய கலைஞரின் வருவாய்க்கு ஒரு விசேஷ குணம் உண்டு. அது மொத்தமாக வரும், ஒருமுறைதான் வரும். கே. பி. சுந்தராம்பாள் 1935இல் ‘நந்தனார்’ படத்துக்காக ஒரு லட்சம் ரூபாய் பெற்றார் என்ற செய்தி அக்காலத்து மக்களைத் திகைக்கவைத்தது. சவரன் ஒன்று சில பத்து ரூபாய்க்குக் கிடைத்த காலத்தில் அது ஒரு சமஸ்தானாதிபதியின் கணக்கிலேயே எண்ணத்தக்க தொகை. எனினும் ஒரு லட்சமாயினும் பத்து லட்சமாயினும், படம் எத்தனை ஆண்டு ஓடினாலும், இசைத்தட்டு எத்தனை ஆயிரம் விற்றாலும், அந்தத் தொகைக்குமேல் பாடகருக்குச் சல்லிக்காசு வரச் சட்டத்தில் இடமில்லை. இளமையும் குரலும் உள்ள சில ஆண்டுகளில் கிடைத்ததை, முதுமைக்கும் சந்ததிக்கும் படியளக்கக்கூடிய ஒன்றாக மாற்றிக்கொள்ள வேண்டிய நிர்ப்பந்தம் அவருக்கு இருந்தது.

அப்படி மாற்ற நம் நாட்டில் நிலத்தையும் வீட்டையும் நகையையும் தவிர வேறு சாதனம் எது? 1930களின் உலக மந்தத்தில் நெல் விலை வீழ்ந்து, காவிரிப் பாசன மிராசுதார்கள் கடனில் அமிழ்ந்து, வழிவழியாக வந்த நஞ்சைகள் கைமாறிக்கொண்டிருந்தன. விவசாய வருமானத்துக்கு 1886ஆம் ஆண்டு முதலே வருமானவரி விலக்கு இருந்தது. ஆகவே ரொக்கம் உள்ளவர் மண்ணில் போட்டது பகட்டன்று, விவேகம். சுந்தராம்பாள் போன்றோர் தம் ஊரில் தியேட்டர் கட்டியதும் பாகவதர் திருச்சியில் மாளிகை அமைத்ததும் அந்த விவேகத்தின் வெவ்வேறு உருவங்கள். பொற்கொல்லர் மகன் ஒருவன் கனவான்களுக்குச் சமமாகத் தலைநிமிர்ந்து வாழ அந்தக் கட்டடம் ஒரு சாசனமாகவும் பயன்பட்டது என்பதையும் மறுப்பதற்கில்லை.

அடிமனை எவருடையது?

இனி, பாட்டின் உரிமை பற்றிய கேள்விக்கு வருவோம். இதை விளக்குவதற்குத் திருவரங்கத்து வீடுகளைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தோன்றவில்லை. ஏழு திருச்சுற்றுக்களுக்குள் ஊரே அடங்கிய அந்தத் தீவில், உத்தர வீதி, சித்திரை வீதி, அடையவளைந்தான் வீதி என்று தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வாழ்ந்துவந்த பின்னரும், வீடு குடியிருப்பவருடையது, அடிமனை ரங்கநாதருடையது என்று கோயில் நிர்வாகம் கோரிவருவதால், விற்பதற்கும் பதிவதற்கும் கட்டட அனுமதி பெறுவதற்கும் மக்கள் நெடுங்காலம் அல்லற்பட்டிருக்கிறார்கள். தேர்தல்தோறும் அடிமனைப் பிரச்சினை வாக்குறுதியாக எழுவதும் அதனாலேதான். சுவரும் கூரையும் கட்டியவனுக்கு. அவை ஊன்றிய தரை வேறொருவருக்கு. பாகவதர் காலத்துப் பாடகரின் நிலைமையும் அச்சொட்டாக இதுவே.

1911ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டம் 1914இல் இந்தியாவுக்கும் உரியதாக்கப்பட்டது. ஒலிப்பதிவைப் பொறுத்தவரை, அதன் அசல் தட்டு செய்யப்பட்ட வேளையில் அது எவருக்குச் சொந்தமோ அவரே அப்பதிவின் கர்த்தா என்பது அச்சட்டத்தின் தீர்ப்பு. பாடலை எழுதிய பாபநாசம் சிவனுக்கும் மெட்டமைத்த ஜி. ராமநாதனுக்கும் எழுத்து, இசை என்ற வகையில் ஏதேனும் உரிமை சொல்லிக்கொள்ளவாவது சட்டத்தில் ஒரு மூலை இருந்தது. அதையும் ஒப்பந்தத்தின் மூலம் எழுதி வாங்கிக்கொள்வது வழக்கம். பாடியவருக்கோ அந்த மூலைகூட இல்லை. ஸ்தாயியும் பிருகாவும் பாகவதருடையவை. அவை பதிந்த அரக்குத் தட்டு கம்பெனியுடையது. அவை ஒலித்த படச்சுருள் முதலாளியுடையது.

இதன் விளைவைக் கண்ணாரக் காட்டும் கட்டடம் ஒன்று மதுரையில் இருந்தது. 1937இல் வெளியாகி ஓராண்டுக்கு மேல் ஓடிய ‘சிந்தாமணி’யின் லாபத்தைக் கொண்டு, அப்படத்தைத் தயாரித்த ராயல் டாக்கீஸ் டிஸ்டிரிபியூட்டர்ஸ் ஸ்தாபனத்தார், அந்தப் படத்தின் பெயரையே சூட்டிச் சிந்தாமணி தியேட்டரை எழுப்பினார்கள். அவர்கள் செய்ததில் அநீதி ஏதும் இல்லை. முதல் போட்டவர்கள் லாபம் கண்டார்கள், லாபத்தை மீண்டும் தொழிலிலேயே போட்டார்கள். ஆனால் கதாநாயகனின் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்க வந்த ஜனங்களின் காசில் எழுந்த செங்கல் ஒவ்வொன்றும் முதலாளியின் நிரந்தர ஆஸ்தியாயிற்று. பாடியவருக்குக் கிடைத்தது, பேசிய ஊதியமும் அடுத்த படத்துக்கான முன்பணமும்.

முன்பணம் என்ற கடன்

முன்பணம் என்ற அந்த வழக்கமே பாகவதரின் வீழ்ச்சிக்குத் திறவுகோல். உச்சியில் இருக்கும் நட்சத்திரத்தைத் தமக்கென்று பிடித்துவைக்கத் தயாரிப்பாளர்கள் பலர் ஒரே சமயத்தில் முன்பணம் கொடுப்பார்கள். கையில் வாங்கியபோது அது வருமானம் போலத் தோன்றும். நடித்து முடிக்கும் வரை அது கடனே. அந்தத் தொகை மனையாகவும் கட்டடமாகவும் ஆபரணமாகவும் மாறிவிட்டால், எதிர்பாராத இடையூறு நேரும்போது திருப்பிக்கொடுக்கக் கைப்பொருள் இராது, மனைதான் பேசவேண்டியிருக்கும்.

அத்தகைய இடையூறு 1944இன் இறுதியில் நேர்ந்தது. மஞ்சள் பத்திரிகை நடத்திய சி. என். லட்சுமிகாந்தன் நவம்பர் 8ஆம் தேதி சென்னை வேப்பேரியில் குத்துண்டு மறுநாள் இறந்தார். அந்தக் கொலை வழக்கில் டிசம்பரில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள், 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு தோற்று, லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்கு சென்று, மறுவிசாரணைக்காகச் சென்னைக்கே திருப்பப்பட்டு, வி. எல். எத்திராஜின் வாதத்திறத்தால் 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை பெற்றார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தக் காலத்தில், அவர் சிறையில் இருக்க, ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒப்பந்தமான படங்கள் பிறர் கைக்குப் போயின, முன்பணங்களைத் திருப்ப வேண்டிய பொறுப்பு நின்றது, வழக்குச் செலவு ஏறியது. ஆனால் நாள்தோறும் அவர் குரலைக் கேட்கக் கூடிய கூட்டத்தின் கட்டணத்தில் ஒரு சிறு வீதமாவது அவர் குடும்பத்துக்கு வர விதியில்லை. வீதாசாரப் பங்கு என்ற உரிமை அன்று இருந்திருக்குமாயின், சிறையின் சுவர் அவர் வருவாயைத் தடுத்திராது. குரல் வெளியே உலவிக்கொண்டேதான் இருந்தது.

விடுதலைக்குப் பின் அவர் எடுத்த முடிவும் உரிமையைத் தேடியதாகவே எனக்குப் படுகிறது. 1948இல் ‘ராஜமுக்தி’யைச் சொந்தத் தயாரிப்பாக வெளியிட்டார், 1957இல் ‘புது வாழ்வு’ படத்தைத் தாமே இயக்கினார். முன்னரும், திருச்சி தியாகராஜா பிலிம்ஸ் என்று தம் பெயர் தாங்கிய ஸ்தாபனத்தின் வாயிலாகப் படத்தொழிலில் ஈடுபட்டவர் அவர். பாடகருக்கு உரிமை இல்லை, படத்தின் முதலாளிக்குத்தான் உரிமை என்று சட்டம் சொல்லும்போது, பாடகர் முதலாளியாக முயல்வதே தர்க்கரீதியான வழி. அந்த வழியின் அபாயம், முதலாளியின் நஷ்டமும் பாடகரின் தலையில் விழும் என்பது. விடுதலைக்குப் பின் வந்த 5 படங்களும் பழைய வெற்றியைத் தரவில்லை. கடைசிப் படமான ‘சிவகாமி’ அவர் மறைந்த பிறகே வெளிவந்தது. வீடும் பொருளும் குடும்பத்தின் கையை விட்டுப் போனதற்கு, ஊழ்வினையைத் தேடிப்போக வேண்டாம். இந்தக் கணக்கே போதும்.

நிலைத்த மனைகள்

எல்லாக் கலைஞர்களின் ஆஸ்தியும் இவ்வாறு கரைந்துவிடவில்லை. நிலைத்தவை எவ்வாறு நிலைத்தன என்று பார்க்கும்போது ஒரு பொது விதி புலப்படுகிறது. திருச்சியிலிருந்து காவிரி வழியே கிழக்கே போனால் திருவையாறு. அங்கே தியாகராஜ சுவாமிகளின் சமாதி சிதைந்து கிடப்பதை அறிந்த பெங்களூர் நாகரத்தினம்மாள், சுற்றியுள்ள மனையை வாங்கித் தம் நகைகளை விற்று ஆலயம் எழுப்பி 1925இல் குடமுழுக்குச் செய்வித்து, 1952இல் மறையுமுன் தம் ஆஸ்தியை அந்தச் சமாதியின் பராமரிப்புக்கென்றே உயில் எழுதிவைத்தார். பழைய மானியத்தின் தத்துவத்தை, அதன் தளையை நீக்கி, ஒரு சுதந்திரப் பெண் தம் சொந்த விருப்பத்தால் புதுப்பித்த செயல் அது. ஒரு நூற்றாண்டாகத் தை மாதந்தோறும் வித்துவான்கள் கூடுவது அவர் வாங்கிய மண்ணில். பாகவதருக்காக வாதாடிய எத்திராஜே 1948இல் தம் செல்வத்தைப் பெண்கள் கல்லூரியாக்கி நிலைபெறச் செய்தார். எம்.ஜி.ஆரின் ராமாவரம் தோட்டம் செவித்திறனும் பேச்சுத்திறனும் குன்றிய குழந்தைகளின் பள்ளியாயிற்று.

வாரிசுக்கு என்று விடப்பட்ட வீடுகளோ வழக்கைக் கண்டன. திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் இளமையைக் கழித்த சிவாஜி கணேசனின் சென்னை ‘அன்னை இல்லம்’, குடும்பத்தார் ஒருவரின் படத்தயாரிப்புக் கடனுக்காக 2025இல் ஜப்தி ஆணைக்கு உள்ளாகி, அது வேறொரு வாரிசுக்கே உரியது என்று நிறுவப்பட்ட பின்னரே விடுபட்டது. திருவரங்கம் தொகுதியில் 2011இல் வென்று முதலமைச்சரான ஜெயலலிதாவின் போயஸ் தோட்டத்து ‘வேத நிலையம்’, நினைவில்லமா, உறவினரின் உடைமையா என்ற வழக்கில் சிக்கி, 2021இல் உயர்நீதிமன்றத் தீர்ப்பால் வாரிசுகளைச் சேர்ந்தது. கடலுக்கு அப்பாலும் இதே நியதிதான். எல்விஸ் பிரெஸ்லி 1973இல் தம் பழைய பதிவுகளின் எதிர்கால வருவாயைச் சுமார் 54 லட்சம் டாலருக்கு ஆர்.சி.ஏ. கம்பெனிக்கே விற்றுவிட்டார்; 1977இல் அவர் இறந்தபின், பராமரிப்புச் செலவாலும் வரியாலும் தத்தளித்த குடும்பத்தைக் காத்தது, 1957இல் ஒரு லட்சம் டாலர் சொச்சத்துக்கு வாங்கிய ‘கிரேஸ்லாந்து’ மாளிகையை 1982இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு நுழைவுக் கட்டணம் வசூலித்த ஏற்பாடே. பாட்டை இழந்தவரின் குடும்பத்தை வீடு காத்தது. அந்த வீடும் தனிமனை என்ற நிலையை விட்டு ஸ்தாபனமான பிறகே காத்தது.

சட்டம் விழித்த காலம்

1957இல் இந்தியா தனக்கென்று பதிப்புரிமைச் சட்டம் இயற்றியபோதும் பாடகரின் நிலை மாறவில்லை. 1977இல் திரைப்பட இசையுரிமை குறித்த ஒரு வழக்கில், தயாரிப்பாளர் பக்கம் தீர்ப்புரைத்த உச்சநீதிமன்றத்தில், நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், நம் சங்கீதத்தின் உயிரே பாடுகிறவரிடம் இருக்க, சட்டம் அவரைக் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பதைத் தனியே எடுத்துக்காட்டி, சட்டமன்றம் அதைக் கருத வேண்டும் என்று எழுதினார். 1994இல் நிகழ்த்துவோர் உரிமை என்ற புதிய உரிமை சட்டத்தில் புகுந்தது. 2012இல் அது விரிவாக்கப்பட்டு, வணிகப் பயன்பாட்டில் பாடகருக்கும் ராயல்டி உண்டு என்பது உறுதியாயிற்று. அடுத்த ஆண்டே பாடகர்களின் உரிமைச் சங்கம் ஒன்று உருவாயிற்று. பாகவதர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த அந்த நியாயம் அவருடைய பாடல்களைத் தொடவில்லை. 60 ஆண்டுக் காப்புக்காலம் முடிந்து அப்பழைய தட்டுகள் பொதுச்சொத்தாகிவிட்டன.

இந்த இரு உரிமைகளும், மண்ணின் உரிமையும் பாட்டின் உரிமையும், ஒரே மனிதரின் வாழ்வில் சந்திப்பதை இளையராஜாவிடம் காண்கிறோம். திருவரங்கத்தின் தெற்கு ராஜகோபுரம் நூற்றாண்டுகளாக அடித்தளத்தோடு நின்றிருந்து, அகோபில மடம் ஜீயரின் முயற்சியால் 13 நிலைகளோடு உயர்ந்து 1987இல் குடமுழுக்குக் கண்டபோது, அவற்றுள் ஒரு நிலையின் செலவை ஏற்றவர் அவர். சென்னைப் பிரசாத் ஸ்டூடியோவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இசையமைத்த அறை, அவருடைய மனையன்று என்பதால் வழக்குக்குப்பின் அதை விட்டு வெளியேறி, 2021இல் சொந்த ஒலிப்பதிவுக் கூடத்தைத் திறக்க நேர்ந்தவரும் அவரே. தம் பாடல்களின் உரிமைக்காக அவர் நீதிமன்றப் படியேறியபோது, இவ்வளவு சம்பாதித்தவருக்கு இது எதற்கு என்று பலர் முகஞ்சுளித்தார்கள். பாகவதரின் சரித்திரத்தைக் கற்றவர் அவ்வாறு கேட்க மாட்டார். சம்பாத்தியம் ஒரு பருவத்தது. பாத்தியதைதான் பருவங்களைக் கடந்து நிற்பது.

பாகவதருக்குத் திருச்சியில் அரசு மணிமண்டபம் எழுப்பியிருப்பது உகந்த காரியம். அவர் பெயரை நகரம் மறக்கவில்லை என்பதற்கு அது அடையாளம். அதோடு கடமை தீர்ந்துவிடாது. நம் திரைச்சரித்திரம் இதுவரை நினைவுக்குறிப்புகளையும் செவிவழிக் கதைகளையும் கொண்டே எழுதப்பட்டு வந்திருக்கிறது. திருச்சியிலும் சென்னையிலும் பதிவு அலுவலகங்களில் உறங்கும் கிரயப் பத்திரங்களையும் அடமான ஏடுகளையும், கம்பெனிகளின் ஒப்பந்தங்களையும், வழக்குமன்றத் தீர்ப்புகளையும் ஒப்புநோக்கி, எந்தப் பாட்டின் ஊதியம் எந்த மனையாயிற்று, எந்த மனை எந்தக் கடனுக்குப் போயிற்று என்று வரிசைப்படுத்தும் ஆராய்ச்சியைப் பாரதிதாசன் பல்கலைக்கழகம் போன்ற வித்தியாஸ்தானங்கள் மேற்கொள்ள வேண்டும். அந்த ஆராய்ச்சி, ஒரு கலைஞர் கெட்டார் என்ற இரக்கத்தோடு நின்றுவிடாமல், அவரைக் காத்திருக்கக்கூடிய ஏற்பாடு எது என்பதைப் புலப்படுத்தும்.

இன்று மேடையேறும் இளம் பாடகருக்கும் அது பயன்படும். முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது வரும் மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காமல், பாடலின் உரிமை எவருக்கு, ராயல்டி எத்தனை வீதம், எத்தனை காலம் என்று அவர் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதைப் பேராசை என்று இகழாமல், நியாயம் என்று ரசிகர்கள் அங்கீகரிக்க வேண்டும். ராஜராஜன் காலத்தில் ஆடியவர்க்கு ஊழியம் உள்ளவரை நெல் வந்தது. பாகவதர் காலத்தில் குரல் உள்ளவரை பணம் வந்தது. கேட்கிறவர் உள்ளவரை பங்கு வரும் என்ற நிலையை நம் காலம் சட்டமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. அதை நடைமுறையில் முழுமையாக நிலைநாட்டுவது, வீட்டையும் நிலத்தையும் அரணாக நம்பி ஏமாந்த ஒரு தலைமுறைக் கலைஞர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடன்.